ராகு காலத்துக் கொடுவா

சேஷகிரி சாரைப் பத்திச் சொல்லுன்னு யாராவது கேட்டா எனக்கு முதல்ல தலைவலிதான் வருது. எட்டு வருஷம் அந்த மனுஷனைப் படகுல ஏத்தி இறக்கியிருக்கேன். என் பொறுமைக்கு மெடல் குடுக்கணும்னு யாருக்காவது தோணுச்சுன்னா நேரா ஆஸ்டின் டவுனுக்கு வரலாம். பால் பூத்துக்கு எதிர் சந்து, சீனு வீடுன்னு கேட்டாப் போதும்.

என் தொழில் இதுதான். பெங்களூர்ல கடல் கிடையாது, ஆனா கடல் மீன் பிடிக்கத் துடிக்கிற ஆளுங்க நிறைய. அவங்களை வண்டில ஏத்திக்கிட்டு குந்தாப்புரா பக்கம் ஆறு கடல்ல சேர்ற ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். அங்க என் தட்டைப் படகு நிக்குது. இடுப்பளவு தண்ணிலயே பத்து கிலோ, பதினஞ்சு கிலோ கொடுவா மீன் வரும். நான் கழியை ஊனிச் சத்தமில்லாம படகைத் தள்ளி, மீன் நிக்கிற இடத்தைக் காட்டுவேன். அவங்க தூண்டில் ராடை வீசுவாங்க. மாட்டின மீனை போட்டோ எடுத்துட்டுத் திரும்ப விட்டுடணும். என் வீட்டுக்காரி மமதாவுக்கு இது இன்னிக்கு வரைக்கும் புரியல. "நானூறு கிலோமீட்டர் போய் மீனைப் பிடிச்சு, தடவிக் குடுத்து அனுப்பிட்டு வர்றியே, எனக்கு நாலு மத்தியாவது வாங்கிட்டு வந்தியா?"ன்னு கேப்பா.

வர்றவங்க எல்லாருமே இம்சைதான். ஒருத்தன் படகுல நின்னுக்கிட்டே ஆபீஸ் மீட்டிங் பேசுவான், இன்னொருத்தன் மீனைப் பாத்ததும் கத்துவான். ஆனா சேஷகிரி சார் தனி ரகம். மல்லேஸ்வரத்துல சொந்த வீடு, கவர்மெண்ட்ல எஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனவர், வயசு எழுபத்தி மூணு. சுத்த சைவம். முட்டை போட்ட கேக் விக்கிற பேக்கரிக்குள்ள காலே வைக்க மாட்டார். இவருக்குக் கொடுவா பிடிக்கணுமாம்!

"திங்கறதுக்கா பிடிக்கறேன்? பிடிச்சு விட்டுடப் போறேன். இதுல பாவம் எங்கேர்ந்துடா வந்தது?"ன்னு என்னையே கேப்பார். இறால், புழு எதையும் தொட மாட்டார், மரத்துல செஞ்ச பொய் மீன்தான் கட்டணும். அதுல இருக்கிற தூண்டில் முள்ளோட எதிர்ப்பல்லையும் குறடால நசுக்கிடுவார், மீனுக்கு வலிக்கக் கூடாதுன்னு. எதிர்ப்பல் இல்லாத முள்ளு, தூண்டில் நரம்பு ஒரு நொடி தொய்ஞ்சாலும் மீன் வாயிலேர்ந்து கழண்டுக்கும். சொன்னா கேட்டாத்தானே?

போதாததுக்கு ராகு காலம் வேற. ராகு காலத்துல ராடை வீச மாட்டார். கடலுக்கு ஏது சார் ராகு காலம்னு கேட்டா, "சும்னிரப்பா"ன்னு கன்னடத்துல ஒரு அதட்டு.

வீட்டுல உண்மையைச் சொல்லிட்டு வந்தாரா? அதுவும் இல்ல. உடுப்பி கிருஷ்ணனைப் பாக்கப் போறேன்னு சம்சாரம் ஜகதாம்பாள் அம்மாகிட்ட சொல்லிட்டு வருவார். அந்தம்மாவும் ஒவ்வொரு தடவையும் கட்டின பூவை என் கையில குடுத்து, "சீனு, பிரசாதம் மறந்துடாதே"ம்பாங்க. இவர் படகுல களைச்சுப்போய் வண்டில தூங்கிடுவார். எட்டு வருஷமா உடுப்பி வரிசைல நின்னது யாரு? நான்.

இதையெல்லாம் பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாதது அவரோட "தொடாதே." இந்த விளையாட்டுல ஒரு விதி இருக்கு. மீன் மாட்டினதுல இருந்து, ராடு வச்சிருக்கிறவர் தவிர வேற யாரும் ராடையோ நரம்பையோ தொடக் கூடாது. தொட்டா அந்த மீன் அவர் பிடிச்சதா ஆகாது. நரம்போட நுனில ஒரு பாகம் தடியான நரம்பு கட்டியிருப்போம், லீடர்னு பேரு. அது படகுக்கிட்ட வந்ததும் கைடு, அதாவது நான், அதைப் பிடிக்கலாம். அதை கைடு தொட்டாச்சுன்னா மீன் பிடிச்சதாத்தான் கணக்கு, அப்புறம் தப்பிச்சுப் போனாலும் சரி. சின்ன சின்ன மீன் நிறைய பிடிச்சிருக்கார் சார். ஆனா பெரிய கொடுவா ஒண்ணே ஒண்ணு, முழுசா தன் கையால பிடிச்சுப் பாக்கணும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவர் வலது கை நடுங்க ஆரம்பிச்சுது. டாக்டர் ஏதோ நரம்பு வியாதின்னார், மாத்திரை குடுத்தார், நடுக்கம் நிக்கல. காபி டம்ளரைப் பிடிச்சுக்கலாம்னு நான் கையை நீட்டினாக் கூட "தொடாதே சீனு"ன்னு அதட்டுவார். பாதி காபி சட்டையில, மீதிதான் வாயில. பாக்குற எனக்கு வயித்தெரிச்சல்.

போன வருஷம் ஒரு பெரிய மீன் மாட்டிச்சு. கை நடுங்கி, உடம்பு சாஞ்சு, மனுஷன் தண்ணிக்குள்ள போகப் பாத்தார். நான் பாத்துட்டு சும்மா நிப்பேனா? எட்டி ராடோட அடியைப் பிடிச்சுட்டேன். மீனும் வந்துச்சு, அருமையான மீன். அதை விட்டதுக்கப்புறம் சார் தன்னோட சின்ன நோட்டை எடுத்து, "கொடுவா, பிடித்தது சீனு"ன்னு எழுதினார். "என்ன சார் அநியாயம் இது, ஒரு நொடிதானே தொட்டேன்"ன்னு கத்தினேன். "தொட்டியோன்னோ?"ன்னார்.

இந்த வருஷம் போன் பண்ணினார். "இதான் கடைசி சீனு. அடுத்த வருஷம் இந்தக் கை என் பேச்சைக் கேக்காது."

போனோம். திங்கக்கிழமை காலையில தண்ணி ஏழு மணிக்கு இறங்க ஆரம்பிச்சுது. இறங்கற தண்ணிலதான் கொடுவா வேட்டைக்கு வரும். திங்கக்கிழமை ராகு காலம் எத்தனை மணிக்கு? ஏழரைக்கு! தண்ணி அருமையா இருக்கிற ஒன்றரை மணி நேரமும் ராகு எடுத்துக்கிட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஏழே காலுக்கு அலையாத்தி வேரை ஒட்டி ஒரு பெரிய முதுகு தெரிஞ்சுது. சார் வீசினார். கை நடுங்கி, பொய் மீன் போய் மரக்கிளையில தொங்குச்சு. நான் தண்ணில இறங்கி எடுத்துட்டு வந்தேன். மறுபடி வீசினார், பாதி தூரத்துலயே விழுந்துச்சு. மணி ஏழு இருபத்தெட்டு. "போறும் சீனு, கிளம்பலாம்"னு ராடைக் கீழ வச்சார்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு சார்! ராகு இன்னும் செருப்பே மாட்டல! வீசுங்க!"ன்னேன்.

வீசினார். வேருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துச்சு. அவர் கை நடுக்கம் அப்படியே ராடுல இறங்கி, பொய் மீன் அடிபட்ட மீன் குஞ்சு மாதிரித் துடிச்சுது. எத்தனையோ பேருக்கு நான் தொண்டை வறளச் சொல்லிக்குடுத்தும் வராத துடிப்பு அது. தண்ணி மடார்னு வெடிச்சுது. மீன் மாட்டிடுச்சு.

இருபது நிமிஷம். ராகு காலம் தொடங்கிடுச்சான்னு அவரும் பாக்கல, நானும் பாக்கல. மீன் எகிறித் தலையை உதறும்போதெல்லாம் "நரம்பு தொய்யுது சார், சுத்துங்க, சுத்துங்க"ன்னு கத்தினேன். அவர் ரெண்டு முழங்காலையும் படகு விளிம்புல முட்டுக் குடுத்துக்கிட்டார், ராடோட அடியை வயித்துல அழுத்திக்கிட்டார். வலது கை தட்டுத் தடுமாறி ரீலைத் தேடும், பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். ரெண்டு தடவை ஆள் சாஞ்சார். நான் என் ரெண்டு கை மேலயும் நானே உக்காந்துக்கிட்டேன். "தொடாதே"ன்னு அவர் ஒரு தடவை கூடச் சொல்லல, சொல்ல மூச்சு இல்ல. சாமி, இந்த ஒண்ணை மட்டும் குடுத்துடுன்னு நான்தான் வாய்விட்டு வேண்டினேன்.

லீடர் மேல வந்துச்சு. குனிஞ்சு தொட்டேன். விரல்ல அந்த இழுப்பு தெரிஞ்சுது. அடுத்த நொடி மீன் தலையை ஒரு உதறு உதறி, முள்ளைக் கழட்டிட்டுப் போயிடுச்சு. போட்டோ இல்ல, ஒண்ணும் இல்ல.

"தொட்டியா?"ன்னார்.

"தொட்டேன் சார்."

"லீடரையா?"

"லீடரைத்தான் சார்."

"முன்னாடி நரம்பைத் தொடலையே?"

"ஐயோ சார்!"

படகுல அப்படியே உக்காந்துட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு நோட்டை எடுத்துத் தானே எழுதினார். எழுத்து கோணல் மாணலா ஓடுச்சு. "கொடுவா, பிடித்தது சேஷகிரி." பன்னெண்டு கிலோ இருக்கும் சார், எழுதிக்கோங்கன்னேன். "நிறுக்காததை எழுதப்படாது"ன்னு மூடி வச்சுட்டார். அதுக்கும் ஒரு சட்டம்!

மறுநாள் மத்தியானம் மல்லேஸ்வரம் வந்து சேந்தோம். ஜகதாம்பாள் அம்மா கதவைத் திறந்தாங்க. வழக்கம் போல பிரசாதப் பொட்டலத்தை நீட்டினேன். சார் செருப்பைக் கூடக் கழட்டல. "ஜகதா, நான் உடுப்பிக்குப் போகலை. எட்டு வருஷமா போகலை. மீன் பிடிக்கப் போனேன். நேத்து ஒண்ணு பிடிச்சேன். நானே பிடிச்சேன்"னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது.

அந்தம்மா கையில இருந்த பொட்டலத்தைப் பாத்து, "அப்போ இது?"ன்னாங்க.

"அது நிஜம்மா, நான் வரிசைல நின்னு வாங்கினது"ன்னேன் அவசரமா.

அந்தம்மா அவர் பக்கம் திரும்பி, "எவ்ளோ பெரிசு?"ன்னு கேட்டாங்க.

சார் ரெண்டு கையையும் அகட்டிக் காட்டினார். இடது கை நின்னுச்சு, வலது கை முன்னும் பின்னும் ஆடுச்சு. அந்தம்மா பொட்டலத்தை என்கிட்ட குடுத்துட்டு, அவர் வலது மணிக்கட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சாங்க. இப்ப விழப் போகுது அதட்டுன்னு நான் காத்துக்கிட்டு நின்னேன். அவர் தொடாதேன்னு சொல்லல.

"இப்போ காட்டுங்கோ"ன்னாங்க.

கண்ணு கலங்கிப் போய்க் காட்டினார். நான் பாத்த மீனை விட ஒரு முழம் கூட. நிறுக்காததை எழுதப்படாதுன்னு சொன்ன அதே மனுஷன்! அந்தம்மா என்னைப் பாத்து, "நிஜமா சீனு?"ன்னு கேட்டாங்க.

"நிஜம்தாம்மா"ன்னேன்.