ஓட்டுகிற ஆள் வந்து உட்காரட்டும்

பைப்பக்காவின் கோபம் ஒரு வாரம் தாங்கும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். விவரம் தெரியாதவர்கள். கொழுந்தன் மேல் அவளுக்கு இருந்த கோபத்துக்கு ஏழு வயது. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எதிர்க்கடையை நன்றாக ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் வெல்டிங் கண்ணாடியைக் கையில் எடுப்பாள்.

எதிர்க்கடை கொழுந்தனுடையது. இரண்டு கடையிலும் ஒரே தொழில், காருக்கு சைலன்சர் மாட்டுவது. முன்பு அது ஒரே கடை. கொழுந்தன் கல்லாவில் உட்கார்ந்து வாயால் வியாபாரம் செய்வான். அவன் அண்ணன், அதாவது அவளுடைய புருஷன், நட்டு போல்ட்டைக் கழற்றி மாட்டுவான். பைப்பை அளந்து, வளைத்து, பற்றவைப்பது முழுக்க அவள். பெயர் மட்டும் அண்ணன் தம்பிக்கு. அதைக்கூட அவள் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு நாள் ஒருவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே உட்காரவே முடியவில்லை, மண்டை இரைகிறது என்று சத்தம் போட்டார். அந்தப் பெரிய வாய் சைலன்சர் வேண்டாம் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். மாட்டியே ஆக வேண்டும் என்று நின்றவன் கொழுந்தன். ஆனால் அன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"பொம்பளை கையில வெல்டிங் டார்ச்சைக் குடுத்தா இப்படித்தான் சார் ஆகும். இனிமே இவங்க கடைப்பக்கம் வரமாட்டாங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். அந்த மனுஷன் ஸ்பானரில் பொறித்திருந்த நம்பரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறான். சாப்பாட்டுக்கு மட்டும் இவள் வீடு. அவள் தட்டை வைக்கிற சத்தத்திலேயே பாதி வயிறு நிறைந்துவிடும் அவனுக்கு.

இதே வாயால், இதே மாதிரி நாலு பேர் கேட்க, வேலையெல்லாம் யார் செய்தது என்று கொழுந்தன் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். அதற்காகத்தான் கையிலிருந்த வளையலை விற்று எதிரிலேயே கடை போட்டாள்.

எதிர்க்கடையில் சைலன்சர் தேர்ந்தெடுக்கிற அழகே தனி. வாங்க வந்தவர் வண்டிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே ஒருவன் ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். உறுமலைக் கேட்டதும் இவர் மயங்கிவிடுவார். பைப்பக்காவோ, "வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டா ஓட்டப்போறீங்க?" என்று கேட்பாள். தினமும் ஓட்டுகிறவரையே சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, மெயின் ரோட்டில் ஒரே வேகத்தில் போகச் சொல்வாள். உறுமல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், நிதானமாக ஓட்டும்போது உள்ளே இரையக் கூடாது. மேட்டில் இழுவை குறையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் அவள் பற்றவைப்பாள்.

எதிரே மாட்டிக்கொண்டு தலைவலியோடு வருகிறவர்களை அவள் விழுந்து விழுந்து கவனித்தாள். "எந்தக் கடையில போட்டீங்க?" என்று மட்டும் உரக்கக் கேட்பாள்.

போன மாதம் ஒரு டிரைவர் ஒரு வெள்ளைக் காரைப் பின்தெரு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தான். சைலன்சர் தவலை அகலத்துக்கு இருந்தது. பற்றவைத்த இடம் மண்புழு ஊர்ந்த மாதிரி கோணிக் கிடந்தது.

"உள்ள ரொம்ப இரையுதுக்கா. என் வண்டிதான்."

ஒரு வருஷமாக எதிர்க்கடை வாசலில் நிற்கிற வண்டி. கண்ணை மூடிக்கொண்டாலே அவளுக்கு அதன் சத்தம் தெரியும். அவள் சீட்டைப் பார்த்தாள், டிரைவரின் உயரத்தைப் பார்த்தாள்.

"உன் வண்டியா? மொதல்ல உன் கால் பிரேக்குக்கு எட்டுதா பாரு."

டிரைவர் அசடு வழிந்தான்.

"தினம் ஓட்டுற ஆள் வந்து உக்காராம நான் பைப்பைத் தொடமாட்டேன். எல்லாருக்கும் இதே சட்டம்தான். சனிக்கிழமை காலையில வரச்சொல்லு."

சனிக்கிழமை காலையில்தான் கடையில் கூட்டம் அதிகம்.

கொழுந்தன் வந்தான். புது வீட்டிலிருந்து தினமும் முக்கால் மணி நேரம் ஓட்டி வருகிறவன். கண் இரண்டும் குழிவிழுந்திருந்தது. அவள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். மெயின் ரோட்டில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தொட்டதும் வண்டி முழுவதும் இரைந்தது.

"காதுக்குள்ளயா, மண்டைக்குள்ளயா?"

"மண்டைக்குள்ள அண்ணி. வீட்டுக்குப் போனாலும் நிக்கமாட்டேங்குது. பிள்ளைங்க பேசினாகூட எரிஞ்சு விழறேன்."

பாவமாக இருந்ததா? இல்லவே இல்லை. அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் குளுகுளு என்றிருந்தது. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து தன் கடை வாசலில் நிறுத்தச் சொன்னாள்.

"கியரை எடுத்துட்டு அதே ரெண்டாயிரத்து ஐந்நூறுல வச்சு மிதி. கால எடுக்காத. ஒரு முனை அடைச்ச கிளை பைப் சேத்தா இந்த இரைச்சலை அது முழுங்கிடும். ஆனா நீளம் துல்லியமா இருக்கணும். அந்தக் கணக்கு உன் கடையில யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"முன்னாடி யாருக்குத் தெரிஞ்சுது?"

"உங்களுக்குத்தான் அண்ணி."

அவள் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கினாள். வெளியே வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

"சத்தம் பத்தல. அவங்களுக்குக் கேக்கணும்."

அவன் சொன்னான். அவன் ஆசைப்பட்டு மாட்டிய சைலன்சரின் உறுமலில் அது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான். வரிசையில் ஒருவர் காதருகே கையைக் குவித்து, "என்ன?" என்றார். முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"எங்க கடை பைப் வேலை எல்லாம் அண்ணிதான் செஞ்சாங்க! அன்னைக்கு அதைப் போடச் சொன்னது நான்தான்! அவங்க மேல தப்பே இல்ல!"

அவள் கைநீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். தெருவே நிசப்தமானது.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"இறங்கு. சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கோ. நல்லா செஞ்சு வைக்கிறேன்."

எதிர்க்கடை வாசலில் அவள் புருஷன் ஸ்பானரோடு நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொழுந்தனிடம் சொன்னாள்.

"போறப்ப உன் அண்ணனை வரச்சொல்லு. சீட்டு காலியாத்தான் இருக்கு."