தாமிரபரணிக் கரையில் ஒரு மலையாளம்

எங்கள் பாறசாலைப் பக்கம் எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடங்களில்தான் நான் இன்டர்மீடியட் முடித்தேன். பி.ஏ.வைத் திருவனந்தபுரத்தில் படிக்கலாம், பஸ்ஸில் போய் வரலாம் என்பது அப்பாவின் எண்ணம். பெரியப்பா சம்மதிக்கவில்லை. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில் அவருக்கு இடது தோளில் தடியடி பட்டிருந்தது. தம்பி மகன் தமிழர் நடுவில்தான் படிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். கையைத் தூக்கும்போதெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் அப்பா என்ன சொல்லி வாதாடுவார்?

அப்படித்தான் பெரியப்பாவும் நானும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினோம். அன்றைய எல்லையான ஆரல்வாய்மொழி தாண்டியதும் பெரியப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கினார். "இனி நம்ம நாடாக்கும் மக்கா" என்றார்.

நம்ம நாட்டில் முதலில் நுழைந்தது ஒரு சாப்பாட்டுக் கடையில். குழம்பின் காரத்தில் பெரியப்பாவுக்குப் புரையேறியது. பரிமாறுகிறவரிடம் அவசரமாக, "கொஞ்சம் வெள்ளம் தாருங்க" என்றார்.

அவர் சாம்பார் வாளியோடு நின்று யோசித்தார். "வெள்ளம் ஐப்பசியிலல்லா வரும் அண்ணாச்சி. இப்பம் ஆத்துல முட்டளவுகூடக் கெடையாது."

நான் தம்ளரைக் காட்டித் தண்ணீர் என்றேன். கல்லாவில் இருந்த முதலாளி, மலையாளமா நீங்கள் என்று அன்பாக விசாரித்தார். தமிழனாக்கும் என்று பெரியப்பா இருமலுக்கு நடுவே சொன்னார்.

"ஆமா, நல்லாத்தான் தமிழ் பேசுதிய" என்று முதலாளி பாராட்டினார்.

பெரியப்பா மிச்சச் சோற்றை வேகமாக அள்ளிச் சாப்பிட்டார். என்னைக் கல்லூரியில் சேர்த்த கையோடு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

பாளையங்கோட்டை எனக்கு மெல்லப் பழகியது. கல்லூரிகளும் தேவாலயங்களும் ஆற்றுக்கு இந்தப் பக்கம். கடைத்தெருவும் சினிமாவும் பாலத்துக்கு அந்தப் பக்கம். மாலையில் கூட்டமாகப் பாலத்தில் நடப்போம். நெய்யாற்றில் நீந்திப் பழகியவன் என்பதால் படித்துறையில் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. விடுதியில் எனக்கு வைத்த பெயர்தான் 'மலையாளம்'.

விடுதி விழாவில் மலையாளப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். மறுத்தால் கூச்சம் என்றார்கள். எங்கள் வயலில் நாற்று நடுகிறவர்கள் பாடுகிற தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினேன். பலத்த கைதட்டல். அறைத்தோழன் என் தோளில் கைபோட்டு, "கவனிச்சுக் கேட்டா மலையாளம் பாதி புரியுதுடே" என்றான்.

கடைசி வருடத்தில் எல்லைக் கோட்டைக் கிழித்தார்கள். களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அதற்குச் சற்று மேற்கே இருந்த எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. பத்திரிகையைப் பார்த்த அறைத்தோழன் ஓடிவந்து என் கையைக் குலுக்கினான்.

"உங்க ஊரு உங்களுக்கே கெடச்சுட்டுல்லா" என்றான். டீயும் வாங்கிக் கொடுத்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. குடித்தேன்.

பரீட்சை முடிந்து ஊருக்குப் போனபோது பெரியப்பா மெலிந்திருந்தார். எங்கள் விளையில் பிடுங்கும் மரச்சீனிக் கிழங்கை என்றைக்குமே களியக்காவிளைச் சந்தைக்குத்தான் அவர் கொண்டுபோவார். நடந்து போகிற தூரம். சந்தை நாள் காலையில் வெளுத்த வேட்டி கட்டி, முற்றத்தில் நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி பெரியம்மாவிடம் சொன்னார்.

"தமிழ்நாடு வரைக்கும் போயிட்டு வாறேன்."

மத்தியானத்துக்குள் மீனும் வாங்கிக்கொண்டு கேரளத்துக்குத் திரும்பிவிட்டார்.