பிளேனை வழியில் பார்த்தவர் இல்லை

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி பஸ் நிலையத்தில் நான் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று நோட்டில் எழுதுவது வேலை. ஒரு வண்டி வரவில்லை என்றால் பதற மாட்டேன். அதே சாலையில் அடுத்து வந்த டிரைவரிடம், வழியில் எங்கே பார்த்தீர் என்று கேட்பேன். பார்த்த இடத்தைச் சொன்னால் போதும், இன்னும் எத்தனை நிமிடம் என்று பயணிகளிடம் அடித்துச் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு மிதப்பு.

என் தங்கை மதராஸில் நர்ஸ் படிப்பு முடித்து, லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கினாள். எங்கள் தெருவில் பிளேன் ஏறிய முதல் ஆள் அவள்தான். நேரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பியிருந்தாள்: பம்பாயில் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, லண்டனில் அன்றே பகல் இரண்டு மணிக்குச் சேர்தல்.

எட்டு மணி நேரம்! விடுவேனா? பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் நூல் வைத்து அளந்தேன். சுமார் நாலாயிரத்தைந்நூறு மைல். மணிக்கு இருபத்தைந்து மைல் ஓடும் நம் பஸ்ஸுக்கு ஏழரை நாள் ஆகும், டீக்குக்கூட நிறுத்தாமல் போனால். இந்தக் கணக்கைச் சொல்லாமல் ஒரு வாரம் எந்த டிரைவரையும் நான் விடவில்லை.

அவள் கிளம்பும் நாள் வந்தது. இறங்கியதும் தந்தி அடிப்பதாக ஏற்பாடு. இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. தந்தி இல்லை. அப்போது திருநெல்வேலி வண்டி வந்து நின்றது. டிரைவரிடம் ஓடினேன்.

“தம்பி, வழியில எங்கன பாத்தீரு?”

“எத, அண்ணாச்சி?”

“பிளேன.”

வாயில் வந்துவிட்டது. மொத்த வண்டியும் சிரித்தது.

“ஆலங்குளத்துல நிக்குது அண்ணாச்சி. டயர் பஞ்சராம்.”

தபால் ஆபீசுக்கு ஓடினேன். தந்தி கிளார்க்கிடம் தங்கையின் தந்தி எங்கே என்றேன். துண்டுத் தாளை நீட்டினேன். அதையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மணி நான்கு.

“வேய், இந்த ரெண்டு மணி லண்டன் மணில்லா! அங்கன இப்பத்தான் காலையில பத்தரை. நம்ம ஏழரை மணி வரைக்கும் பிளேன் வானத்துலதான் இருக்கும்.”

“அப்ப எட்டு மணி நேரம் இல்லையா?”

“பதிமூணரை. நடுவுல எண்ணெய் போட வேற இறங்கும். நீரு டைம் கீப்பர்னு வெளிய சொல்லிக்கிடாதேயும்.”

நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கோ, ஐயோ, இன்னும் வானத்திலா இருக்கிறாள் என்று புதுப் பயம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குத்தால அருவியில போயி தலையக் காட்டும், சூடு இறங்கட்டும்” என்றார். போனேன். அருவி இரைச்சலிலும் எனக்குப் பிளேன் சத்தம்தான் கேட்டது. தன்னந்தனியாக ஒரு பெண் பாதி உலகத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அண்ணன்காரன் வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி நின்று வெடவெடத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை தந்தி வந்தது. ‘சரியான நேரத்தில் சேர்ந்தேன். நாளையே வேலை.’

கிளம்பத் தயாராக நின்ற வாசுதேவநல்லூர் வண்டிக்குள் ஏறி, கடைசி சீட்டு வரை கேட்கும்படி வாசித்தேன். எட்டு மணி நேரம் என்றிருந்ததைப் பதிமூன்றரை என்று திருத்தியும் சொன்னேன். பின் சீட்டில் ஒருவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். மாட்டேன் என்பேனா?

வண்டி நான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுத நோட்டில் ஒரு கட்டம் உண்டு. பஞ்சர், ரயில்வே கேட் என்றே எழுதிப் பழகிய கை அன்று ‘லண்டன் தந்தி’ என்று எழுதியது. பஸ் கம்பெனி முதலாளி எழுத்தில் விளக்கம் கேட்டார். இரண்டு பக்கம் கொடுத்தேன், மைல் கணக்கோடு.