துரையின் கண்ணில் வெள்ளைத் திரை

செக்கரம்மா என்றால்தான் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கர், அதாவது தையலில் குறை கண்டுபிடிக்கிற வேலை. தைத்து வருகிற சட்டைகளெல்லாம் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். குழல் விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து காலர், தோள், கை, பொத்தான், கீழ்மடிப்பு என்று விரலை ஓட்டிக்கொண்டே போவாள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கர் விழும். தைத்தவர்கள் திட்டிக்கொண்டே பிரித்துத் தைப்பார்கள்.

இந்தக் கண் அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பெரிதாக உதவியது, அதுவும் வயிற்றெரிச்சலான விஷயத்தில். நாலு துளைப் பொத்தானை அவள் எப்போதும் இரண்டு நேர்கோடாகத்தான் தைப்பாள். ஒரு நாள் துவைக்க எடுத்த புருஷனின் சட்டையில் ஒரு பொத்தான் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருந்தது. யார் தைத்தது என்று கேட்டாள். கூட வேலை செய்கிறவன் என்றான். அந்தக் கூட்டாளிக்கு வளையல் போட்ட கை என்பதும், புருஷனுக்கு அவளோடு தனியாக ஒரு வீடே இருக்கிறது என்பதும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. செக்கரம்மா சண்டை போடவில்லை. தன் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யாரையும் அவள் முழுசாக நம்பியதில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், டிரைவர்கள் சுற்றுவழியில் போகிறார்கள், சொந்த அக்கா போன் செய்தால்கூட ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அவள் நம்பிய ஒரே ஜீவன் துரை. மழைக்கு ஒதுங்கிக் குளியலறை ஜன்னல் வழியாகக் குதித்து வந்த சாம்பல் நிறப் பூனை. வந்ததும் அவளுடைய நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு, என்ன வேண்டும் என்பதுபோல அவளைப் பார்த்தது. அந்தத் தோரணைக்காகத்தான் துரை என்று பெயர் வைத்தாள்.

ஒரு நாள் காலையில் துரையின் கண்ணைப் பார்த்து அவளுக்குப் பகீரென்றது. இரண்டு கண்ணிலும் மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு தோல் கிளம்பி, பாதிக் கண்ணை மூடியிருந்தது. திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டதுபோல. கண்ணைக் கசக்கவில்லை, தண்ணீர் வடியவில்லை. சாப்பாட்டைக் கண்டதும் வழக்கம்போலத் தின்றது. ஆனால் பார்க்கிற பார்வை பூனையுடையதாகவே இல்லை.

சுண்ணாம்போ மருந்தோ, யாரோ எதையோ வீசியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். யார் என்று யோசிக்கவும் இல்லை. கீழ்வீட்டுக்காரிதான். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை பார்ப்பவள். குடிவந்தபோது படியில் பார்த்தால் சிரிப்பாள். கொஞ்ச மாதமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். போன வாரம், ‘உங்க பூனைய உங்க வீட்டோட வெச்சுக்கங்க’ என்று சுருக்கென்று சொல்லியிருந்தாள். செக்கரம்மா நேரே இறங்கிப் போய் கதவைத் தட்டினாள்.

“பூனை கண்ணுல என்னத்தப் போட்டீங்க?”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்றாள் கீழ்வீட்டுக்காரி. பிறகு செக்கரம்மாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். “நீங்க என்னைக் கேள்வி கேக்கறீங்களா?”

கதவு சாத்திக்கொண்டது. குற்றம் செய்தவள்தான் இப்படிக் கதவைச் சாத்துவாள் என்று சொல்லிக்கொண்டே செக்கரம்மா மேலே ஏறினாள். ஆனால் அந்தப் பார்வை மட்டும் மனதில் முள்ளாகக் குத்தியது. பயந்தவளின் பார்வையாக அது இல்லை.

வீட்டில் அவளுக்குக் கண் வலி வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து மிச்சமிருந்தது. துரையை மடியில் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தாள். பிறகு, மனுஷர் கண்ணுக்குக் கொடுத்ததைப் பூனைக்கு யார் விடச் சொன்னார்கள் என்று அந்த மருந்தின்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. மூடி வைத்துவிட்டாள்.

கால்நடை டாக்டர் இளம் வயசுப் பெண். அவளையும் செக்கரம்மா நம்பி உள்ளே போகவில்லை. ஆபரேஷன் என்று ஒரு வார்த்தை வந்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று கூடையின் கைப்பிடியை விடாமலே நின்றாள். டாக்டர் ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த ஒரு காகிதப் பட்டையைத் துரையின் கண்ணோரம் தொட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள். கண்ணில் கீறலோ புண்ணோ இல்லை, யாரும் எதையும் வீசவும் இல்லை என்றாள். அந்தத் தோல் வெளியிலிருந்து வந்ததே இல்லையாம். எல்லாப் பூனைக்கும் உள்ள மூன்றாவது இமையாம். சாதாரணமாக உள்ளே மடங்கிக் கிடக்குமாம்.

“அப்ப வெட்டி எடுக்கணுமா?” என்று செக்கரம்மா பொறி வைத்தாள்.

“ஐயோ, வெட்டக் கூடாதும்மா. கண்ணுக்குக் காவலே அதுதான். ஒத்தைக் கண்ணுல மட்டும் வந்திருந்தா அந்தக் கண்ணுல என்ன கோளாறுன்னு தேடுவேன். ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்திருக்கு. பெரும்பாலும் வயித்துல ஏதாவது இருக்கும். வெளிக்கி எப்படிப் போகுது?”

ஒரு வாரமாகத் தண்ணியாகப் போகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மலத்தைச் சோதித்ததில் புழுவும் இருந்தது. சொட்டு மருந்து போடாமல் இருந்தது நல்லதாயிற்று என்றாள் டாக்டர். பிறகு துரையைத் தராசில் நிறுத்திவிட்டு, என்ன சாப்பாடு என்று விசாரித்தாள். செக்கரம்மா வேளைக்கு எவ்வளவு என்று கையால் அளந்து காட்டினாள்.

“அவ்வளவுதானா? இவ்வளவு வயித்தால போயும் இந்த எடை இருக்குன்னா, வேற எங்கயோ சாப்பிடுதும்மா. பால் குடிக்குதோ என்னவோ. நிறையப் பூனைக்குப் பால் ஒத்துக்காது.”

வேற எங்கயோ. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் ஓடியது. கூடைக்குள்ளிருந்து பாதிக் கண்ணோடு பார்த்த துரையை, “நீயுமாடா?” என்று கேட்டாள்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொன்னாள். வேலைக்குக் கிளம்புகிறவள்போலவே செருப்பு மாட்டி, கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்கச் செய்து, உள்ளேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் துரை சோம்பல் முறித்து எழுந்தது. குளியலறை ஜன்னல் வழியாகப் பின்படியில் குதித்தது. செக்கரம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

துரை கீழ்வீட்டுப் பின்கதவின் முன் உட்கார்ந்து, அவளிடம் ஒரு நாளும் பேசாத குழைந்த குரலில் ஒரு சத்தம் கொடுத்தது. கதவு உடனே திறந்தது.

“வந்துட்டியா கண்ணு? உனக்காகத்தான் தூங்காம இருக்கேன்.”

கீழ்வீட்டுக்காரியின் புருஷன். ஆம்புலன்ஸ் டிரைவர். ராத்திரி வேலை முடிந்து, பெண்டாட்டி கேண்டீனுக்குக் கிளம்பிய பிறகு வீடு வருகிறவர். சீருடையைக்கூடக் கழற்றாமல் கையில் ஒரு கிண்ணம் பாலோடு நின்றார். படியில் வெறுங்காலோடு நின்ற செக்கரம்மாவைக் கண்டதும் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ராத்திரியெல்லாம் பார்க்கிற ரத்தத்தையும் கேட்கிற அழுகையையும் வைத்துக்கொண்டு வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லையாம். இது வந்து நெஞ்சின்மேல் படுத்துக் குர்குரென்று சத்தம் போட்டால்தான் கண் அசருமாம். பெண்டாட்டிக்குப் பூனையென்றாலே ஆகாது என்பதால் சொல்லவில்லையாம். செக்கரம்மா கண்ணைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. கிண்ணத்துப் பாலைத் தொட்டியில் கொட்டினார்.

“தப்பு பண்ணிட்டேன். இனி ஒரு சொட்டு தரமாட்டேன். ஆனா என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேணாங்க.”

பாலைக்கூட மன்னித்திருப்பாள். இந்தக் கடைசிப் பேச்சு அவளுக்குப் பழைய காயத்தில் விரலை வைத்ததுபோல இருந்தது. தன் புருஷனும் அந்த வளையல்காரியிடம் இதையேதான் சொல்லியிருப்பான்.

“நான் உங்க வீட்டுக்காரிமேல அநியாயமா பழி போட்டிருக்கேன். போய் மன்னிப்பு கேக்கணும். கேட்டா இதையும் சொல்லத்தான் வேணும். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.”

அன்று சாயங்காலம் கீழே பேச்சுச் சத்தம் உயர்ந்தது, தணிந்தது. செக்கரம்மா ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டினாள். கடைசியில் கீழ்வீட்டுக்காரி மேலே ஏறி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று செக்கரம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். வந்தவள் உள்ளேயும் வராமல், திரும்பிப் போகாமலும், நாற்காலியில் கிடந்த துரையையே பார்த்தாள்.

“இந்த நிறம்தானா?” என்றாள். “அவர் யூனிஃபார்ம்ல தினமும் நரைமுடியா ஒட்டியிருக்கும். கேட்டா ஏதோ சொல்லி மழுப்புவார். ஒரு நாள் எதையோ மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்தேன். உள்ள ‘கண்ணு, கண்ணு’ன்னு கொஞ்சறார். பின்படி மேல உங்க வீட்டுக்குத்தானே போகுது.”

கழுத்தளவு வெட்டிய தன் நரைமுடியைச் செக்கரம்மாவின் கை தானாகத் தொட்டுப் பார்த்தது.

“என்னையா?”

“வேற யாரை நினைக்கிறது?”

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு சட்டையில் ஒட்டியதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தனியாகக் குமைவது எப்படியென்று செக்கரம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கதவை முழுசாகத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். தான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். கீழ்வீட்டுக்காரி முதலில் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். செக்கரம்மா பார்க்காததுபோல அடுப்புப் பக்கம் போய்த் தேநீர் போட்டாள்.

புழு மருந்தைக் கொடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கீழ்வீட்டுக்காரி பழைய துண்டில் துரையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள, செக்கரம்மா வாயைத் திறந்து ஊற்றினாள். வயிறு சீக்கிரமே சரியானது. கண்ணுக்கு மட்டும் பொறுமை வேண்டியிருந்தது. தினமும் காலையில் துரையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தோல் எதுவரை இருக்கிறதென்று பார்ப்பாள். டாக்டர் ஏமாற்றிவிட்டாள் என்று இடையில் இரண்டு தடவை போனில் சண்டை போட்டாள். ஒரு கண் மட்டும் மோசமானாலோ, சிவந்தாலோ, சாப்பாட்டை விட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் பொறுங்கள் என்று இரண்டு தடவையும் டாக்டர் அதையே சொன்னாள். வாரங்கள் ஓட ஓடத் தோல் கொஞ்சம் கொஞ்சமாக மூலைக்குள் ஒதுங்கி, ஒரு நாள் காணாமலே போயிற்று.

துரை இப்போதும் காலையில் டிரைவரின் நெஞ்சில்தான் போய்ப் படுக்கிறது, வெறும் வயிற்றோடு. அப்படித்தான் இரண்டு பெண்களும் அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். இருந்தாலும் வேலைக்குக் கிளம்புமுன் கீழ்வீட்டுக்காரி பால் பாத்திரத்தில் அளவு பார்த்துவிட்டுத்தான் போகிறாள். சாயங்காலம் துரை திரும்பி வந்ததும் செக்கரம்மா அதன் வாயை மோந்து பார்க்கிறாள்.