நாற்பது நிமிட இருட்டு

போன வியாழக்கிழமை, இரவு ஏழேகால். கையில் ஒரு வெறும் உரப்பை. காலுக்குக் கீழே முக்காலி. பக்கத்து வீட்டு மதிலில் எரியும் விளக்கை மூடப் போனேன் – எழுபத்தாறு வயதில்!

விளக்கோடு பூட்டியிருந்த கமரா கத்தியது.

"டேய்! ஆரடா அது? இறங்கடா கீழை!"

வீட்டுக்காரர் ரவியின் குரல். ஆள் லண்டனில். வெறும் வீட்டைப் போனிலேயே காவல் காக்கிறார்.

"நான்தான் ரவி. பக்கத்து வீட்டு மாஸ்டர்."

"ஐயோ மாஸ்டர், நீங்களே! உரப்பையோடை என்ன செய்யிறியள்?"

ஒரு நட்சத்திரம் வெடித்துவிட்டது, அதற்காக உம்முடைய விளக்கை மூடுகிறேன் என்றா சொல்வது? ... அதைத்தான் சொன்னேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். சில பெரிய நட்சத்திரங்கள் சாகுமுன் தம்மிடமுள்ள ஈலிய வாயுவை வெளியே தள்ளிவிடும். அந்த வாயு சுற்றிவர நிற்கும். பிறகு நட்சத்திரம் வெடிக்க, சிதறல்கள் அந்த வாயுவில் போய் மோதும். அந்த மோதலில்தான் பெரும் வெளிச்சம். ஆனால் சில நாட்களிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

இப்போது வெடித்ததும் அப்படியொன்று. அது மங்கும் வேகத்தைப் பல நாடுகளில் இருந்து சிலர் அளக்கிறோம். எனக்கு நான்கு நாள் முகில். அன்று வானம் வெளித்தது. மற்றவர்களுக்கோ மழை, அல்லது பகல். அன்றைய அளவு என்னிடமிருந்து போகாவிட்டால் யாரிடமிருந்தும் போகாது. மேற்கில் அது சாய முன், என் தொலைநோக்கியில் பூட்டிய கமராவால் எண்பது படங்கள் எடுக்க வேண்டும். படத்துக்கு முப்பது செக்கன், மொத்தம் நாற்பது நிமிடம்.

மேற்கில்தான் ரவியின் விளக்கு.

எங்கள் ஒழுங்கையில் பத்தொன்பது வீடுகள். ஆளுள்ளவை ஐந்து. விளக்கெரிபவை பதினாறு. ஆள் குறையக் குறைய வெளிச்சம் கூடுகிறது!

"லைற்றை நூத்து இருட்டாக்கினால் எனக்கு இங்கை ஒண்டும் தெரியாதே மாஸ்டர்."

"வெறும் வீட்டிலை உமக்கு என்ன தெரிய வேணும்?"

கேட்டிருக்கக் கூடாது.

"எங்கடை வீட்டு முத்தம்தான். வேலையிலை தேத்தண்ணி குடிக்கேக்கை பார்ப்பன். உங்கடை பூனை போகும். நீங்கள் கிணத்தடியிலை நிண்டு பூனையை ஏசுறதும் கேக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று காலையிலிருந்து நான் மனிதரோடு பேசியவை பதினான்கு சொற்கள். அத்தனையும் மீன்காரரோடு.

"சரி மாஸ்டர். நாப்பது நிமிசம். நான் நேரம் பிடிப்பன்."

லண்டனிலிருந்தே விளக்கு நூர்ந்தது. இருட்டு வந்தது. ரவி மட்டும் மதில் கமராவை விட்டுப் போகவில்லை.

"எத்தினையாவது படம்?"

"இருபத்திமூண்டு."

"இப்ப?"

"முப்பத்தொண்டு. கதைக்காதையும் ரவி, எண்ணிக்கை பிழைக்கும்."

"கமராதானே எடுக்குது, நீங்கள் ஏன் எண்ணுறியள்?"

"முப்பத்திரெண்டு" என்றேன்.

எண்பதில் பதினொன்று, ஒழுங்கையால் போன ஓட்டோக்களின் வெளிச்சத்தில் பழுது. அறுபத்தொன்பது தேறின. நான்கு நாளில் நட்சத்திரத்தின் ஒளி பாதியாகியிருந்தது. அந்த அளவை எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். பதில் ஒன்றும் இல்லை. எண்களுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

ரவிதான் கேட்டார். "நாளைக்கும் இந்த நேரம் நூக்கட்டே மாஸ்டர்?"

மறுநாள் பகலும் இரவும் முகில் என்று வானிலை அறிக்கையில் மூன்று தடவை பார்த்திருந்தேன்.

"ஓம்" என்றேன்.