ஊசிக் காய்ச்சல்

செவனம்மா என்னிடம் முதன்முதலாகச் சொன்னது ஒரு பொய். நான் அதை அப்படியே நம்பி என் கொப்பியில் எழுதியும் வைத்தேன். அவள் கதையைச் சொல்ல உனக்கென்ன உரிமை என்று யாரும் கேட்டால், இதைத்தான் சொல்வேன்: அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

1984 பெப்ரவரியில் என்னைத் தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மருத்துவிச்சியாகப் போட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாதிக்குக் கூரைத் தகரம் இல்லை. செவனம்மா பிள்ளைக்காம்பராவின் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, எப்போதும் வெற்றிலை வாய். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளின் ஊசிக் கார்டுகள் எல்லாம் அவளிடம்தான் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. லயத்தில் வைத்தால் மழையில் நனைந்துவிடும். எது யாருடைய கார்டு என்று தெரிவதற்காக, ஒவ்வொன்றிலும் அந்தந்தத் தாயின் பழைய சேலையில் கிழித்த துண்டொன்றைக் கட்டி வைத்திருந்தாள். பிறந்ததும் போடும் காசநோய் ஊசி, மூன்றாம் மாதம் முக்கூட்டு ஊசியும் போலியோ சொட்டும், பிறகு இரண்டிரண்டு மாதம் விட்டு இன்னும் இரண்டு தடவை, ஒன்றரை வயதில் ஒன்று. எந்தச் சேலைக்காரியின் பிள்ளைக்கு எப்போது ஊசி என்று கேட்டால், டின்னைத் திறக்காமலே சொல்வாள்.

எனக்கு முன்னால் ஊசி போடும் வேலையைப் பார்த்தவர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் யோகேந்திரன், யாழ்ப்பாணத்து ஆள். ஊசியைச் சனிக்கிழமையில் போடும் பழக்கத்தை அவர் கொண்டுவந்தது செவனம்மாவின் பேச்சைக் கேட்டுத்தான். வாரநாளில் ஊசி போட்டால் மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல், தாய்க்கு அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை, அதற்குப் பயந்தே பிள்ளையை ஒளித்துவிடுகிறார்கள் என்று அவரிடம் விளக்கியிருக்கிறாள். சனிக்கிழமை போட்டால் ஞாயிற்றுக்கிழமையோடு காய்ச்சல் போய்விடும். அன்று மாலையே லயம் லயமாகப் போய்ப் பனடோல் மாத்திரையைக் காலாய் உடைத்து, தாய்ப்பாலில் கரைத்துக் கொடுப்பாள். ஊசி ஏறிய தொடை கொஞ்சம் வீங்கும், பிள்ளை சிணுங்கும், பயப்படாதே என்பாள். தோளில் போடும் காசநோய் ஊசி கொப்புளித்துச் சீழ் வைத்தாலும் எதையும் பூசாதே, தானாகக் காய்ந்து தழும்பாகும் என்பாள். அந்தத் தோட்டத்தில் துரையின் வார்த்தையைக்கூட நாலு பேர் சந்தேகப்படுவார்கள். காய்ச்சல் விஷயத்தில் செவனம்மா சொன்னால் சொன்னதுதான்.

நான் போன முதல் சனிக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஊசி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. லயத்துக்குப் போனால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ராமாயியின் பிள்ளைக்கு ஆனது போதும் என்றார்கள். யார் ராமாயி, என்ன ஆனது என்று செவனம்மாவிடம் கேட்டேன். போன ஜூலையில் ஊசி போட்ட பிள்ளை, காய்ச்சல் விடாமல் செத்துப்போனது என்றாள். காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டேன். ஊசி போட்ட அன்றைக்கே வந்தது, இறங்கவே இல்லை என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். லட்சத்தில் ஒன்று அப்படி ஆகலாம் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள், இது அந்த ஒன்று என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது என்ன? வாரா வாரம் லயத்து வாசலில் நின்று அந்தப் பெண்களைத் திட்டினேன். மடச்சிகள் என்றேன், மாட்டுக்கு இருக்கும் புத்திகூட இல்லை என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். செவனம்மாவின் மகள் புஷ்பத்துக்கு ஜனவரியில் ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. ஏப்ரலில் அதற்கு முக்கூட்டு ஊசி. பேத்தியைக் கொண்டு வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று செவனம்மாவைக் கெஞ்சினேன். மகள் சம்மதிக்கவில்லை என்றாள். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டாளா என்றேன். அவள் எழுந்து போய்ப் பால் போத்தல்களைக் கழுவத் தொடங்கினாள்.

ஜூன் மழையோடு, முக்கூட்டு ஊசி தடுத்திருக்கக்கூடிய கக்குவான் இருமல் வந்தது. பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளை இருமத் தொடங்கினால் வரிசையாக எல்லாம் இருமின. இருமி இருமி, கடைசியில் மூச்சை இழுக்கும்போது வரும் கூவலை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. பெரிய பிள்ளைகள் தாங்கிக்கொண்டன. புஷ்பத்தின் பிள்ளைக்கு ஐந்து மாதம். அதற்குக் கூவக்கூடப் பலமில்லை, நீலம் பாரித்துக் கிடந்தது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். பாதி வழியில் புஷ்பத்தின் மடியிலேயே போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் செவனம்மா டின்னோடு என் அறைக்கு வந்தாள். ஒரு கார்டை உருவி மேசையில் வைத்தாள். பச்சைப் பூப்போட்ட துணி கட்டியிருந்தது. ராமாயியின் பிள்ளை தவமணியின் கார்டு. நடந்ததை அன்றுதான் சொன்னாள்.

1983 ஜூலை 23, சனிக்கிழமை, தவமணிக்கு இரண்டாவது ஊசி. அன்று காய்ச்சல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டது. திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவில் கைகால் உதைத்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது. புதன்கிழமை கீழே பசாரில் புகை எழும்பியது. லொறிகளில் ஆட்கள் வருகிறார்கள் என்றதும் முப்பது பேர் மழையில் மலை ஏறி ஆளுயர மானாப்புல்லுக்குள் பதுங்கினார்கள். ராமாயி பிள்ளையோடு, செவனம்மா தன் இரண்டு மகள்களோடு. வியாழக்கிழமை விடிந்தபோது தவமணிக்கு உடம்பு கொதித்தது. நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு விட்டது. டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகிறேன் என்று ராமாயி எழுந்தாள். கீழே லயத்தில் ஆட்கள் தகரம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். புல்லை விட்டு ஒருத்தி இறங்கினால் எல்லோரும் இருக்கும் இடம் தெரிந்துவிடும். தொழிற்சங்கத் தலைவர் அழகையா செவனம்மாவின் காதோடு, நீ சொன்னால்தான் அவள் கேட்பாள் என்றார்.

யோகேந்திரன் அவளுக்குச் சொல்லி வைத்திருந்ததை அவள் மறக்கவில்லை. அவர் பேசிய மாதிரியே எனக்குச் சொல்லிக் காட்டினாள். "ஊசிக் காய்ச்சல் அண்டைக்கே வரும், ரெண்டு நாளிலை போயிடும். போய்த் திரும்பி வந்தால் அது வேறை காய்ச்சல். பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனை என்னட்டைக் கொண்டு வர வேணும்."

எல்லாம் தெரிந்துகொண்டுதான், தன் மகள்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ராமாயியின் கையைப் பிடித்திருக்கிறாள். "ஊசிக் காச்சல்தான் ராமாயி. நாளைக்கு எறங்கிரும். ஒக்காரு."

ராமாயி உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை இறந்தது. ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் வந்த பிறகு கீழே இறங்கினார்கள். யோகேந்திரன் அகதி முகாமுக்குப் போகிற லொறியில் ஏறி நின்றுகொண்டு, பிள்ளைகள் எல்லாம் சுகமா என்று கேட்டாராம். இவள் சுகம்தான் என்று தலையை ஆட்டியிருக்கிறாள். அவர் திரும்பி வரவேயில்லை. ஒரு வாரத்துக்குள் ஊசிதான் பிள்ளையைக் கொன்றது என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பேச்சைக் கிளப்பியது யார் என்று தேட வேண்டியதில்லை. செவனம்மாவே சொன்னது அல்லவா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் பங்குக்குக் கத்தித் தீர்த்தேன். பிறகு, இதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றேன். அதற்குத்தான் வந்தேன் மிஸ்ஸி என்றாள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், பேர் கொடுக்க நின்ற நூறு பேருக்கு முன்னால் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் அழகையா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் காதில் சொன்னதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பேத்தி செத்ததில் ஆயாவுக்கு மனசு பேதலித்துவிட்டது என்றார்கள் பெண்கள். மிஸ்ஸி சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறது என்றும் ஒருத்தி சொன்னாள். நான் நாலு மாதமாகத் திட்டிய திட்டுக்கு அதுதான் பலன். அவளை ஒரே ஒரு ஆள்தான் நம்பியது. புஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"இத ஏம்மா சித்திரையில சொல்லல?"

அந்த வாரமே புஷ்பம் புருஷனோடு மடுல்கெல்லப் பக்கம் அவன் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தவரை அதற்குப் பிறகு தாயோடு பேசவில்லை.

இனி ராமாயி வாயால் சொன்னால்தான் நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது. செவனம்மாவையும் கூட்டிக்கொண்டு ராமாயியின் லயத்துக் காம்பராவுக்குப் போனேன். பெரட்டுக்கு அவள் வரவில்லை, வயிற்றில் ஆறு மாதம். செவனம்மா நிலத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ராமாயி அவளை முடிக்க விடவில்லை.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா. திங்கக்கெழம சிரிச்சுக்கிட்டுக் கெடந்த புள்ளதானே. எனக்குக் கீழ போகப் பயம். யாராவது என்னைப் போகவேணாமுன்னு சொல்லமாட்டாங்களான்னு இருந்திச்சு. நீங்க சொன்னீங்க."

அதை வெளியே வந்து சொல், மற்றப் பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்றேன். அவள் வாசலைப் பார்த்தாள். புருஷன் மலையிலிருந்து வரும் நேரம்.

"அத மட்டும் கேக்காதீங்க மிஸ்ஸி. ஊசி கொன்னுச்சுன்னு இருக்கவரைக்கும்தான் அவரு மொகத்த நான் பாக்க முடியும்."

நான் விடுவதாக இல்லை. வயிற்றில் இருப்பதைக் காட்டி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். செவனம்மா எழுந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

"விடுங்க மிஸ்ஸி. நான் குடுத்த பொய்தானே. திருப்பி வாங்க ஏலாது."

செப்டம்பரில் அந்த லயத்திலேயே ராமாயிக்கு ஆண் பிள்ளை பிறந்தது, பிரசவம் பார்த்தது நான்தான். புதுக் கார்டு எழுதி செவனம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதே பச்சைப் பூப்போட்ட சேலையில் இன்னொரு துண்டைக் கிழித்துக் கட்டினாள். சனிக்கிழமை தோறும் டின்னைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு என்னோடு காத்திருந்தாள். இரண்டு வருடம் அந்தத் தோட்டத்தில் இருந்தேன். அந்தக் கார்டில் பிறந்த தேதிக்குக் கீழே ஊசி போட்டதாக நான் ஒன்றும் எழுதவில்லை.