டைரக்டரியில் ஈவ்லின்

பீர்க்கன்கரணை ஈவ்லினுக்கு ஒரே ஆசைதான். கம்பெனியில் பர்மனென்ட் ஆகிவிட வேண்டும். ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். அடையாள அட்டையின் கயிறு பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆரஞ்சு. தாம்பரத்தில் துரைப்பாக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் கயிற்றைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுவிடுவாள். சர்ச்சில் எல்லோரும் அவளைப் பெரிய ஐ.டி. உத்தியோகக்காரி என்று நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தாள்.

அவள் பார்த்தது டைரக்டரி வேலை. கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்குக் கீழே யார், யாருடைய அட்டைக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதையெல்லாம் ஒரே டேட்டாபேஸில் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் அது. அதில் ஒரு விதியை அவளே யோசித்துச் சேர்த்தாள். கான்ட்ராக்ட் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு மேனேஜர் பொறுப்பு. அந்த மேனேஜர் போய்விட்டால், வேறு யாரும் பொறுப்பேற்காத ஆட்களின் கணக்கு தானாக மூடிக்கொள்ளும். மீட்டிங்கில் கைதட்டினார்கள். அவளுடைய மேனேஜர் சத்யநாராயணன், "புது டைரக்டரி ஓட ஆரம்பிக்கட்டும் ஈவ்லின், உன்னை பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு" என்றார். பைத்தியக்காரி நம்பினாள். ராத்திரி ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

டைரக்டரி ஓட ஆரம்பித்தது. சத்யநாராயணன் வேறு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். அவர் கணக்கை மூடும் வேலை, வேறு யாரிடம், ஈவ்லினிடமே வந்தது.

"சார், என் பர்மனென்ட் விஷயம்?"

"அடடா, எச்.ஆர்.ல பேசறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சேமா. ஜெயஸ்ரீகிட்ட சொல்லிட்டுப் போறேன்."

சொல்லவில்லை. பக்கத்து டீம் மேனேஜரான ஜெயஸ்ரீயிடம் ஈவ்லினே போய் நின்றாள்.

"மேடம், பர்மனென்ட் கூட வேணாம். என் பேரை உங்களுக்குக் கீழ போட்டுக்கங்க. இல்லன்னா இன்னிக்கே சிஸ்டம் என்னை மூடிடும்."

"மூடினா திறந்துக்கலாம் ஈவ்லின். இப்ப மீட்டிங் இருக்கு. மண்டே பாக்கலாம்."

தன் கணக்கைத் தானே மாற்ற வழியில்லை. சத்யநாராயணனை மூடாமல் நாளைக் கடத்தலாம். ஆனால் கான்ட்ராக்டில் இருந்த டெனிஸ் இதே மாதிரி ரெண்டு நாள் கேட்டபோது, "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணா" என்று சொன்னவள் அவள். இப்போது எந்த முகத்தோடு அந்த ரூலை மாற்றுவது? மூடினாள். அடுத்த நிமிஷம் அவள் திரையும் பூட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை கேட் திறக்கவில்லை. "சிஸ்டத்துல உங்க பேரு வர்லக்கா" என்றார் செக்யூரிட்டி. ஜெயஸ்ரீ போனை எடுக்கவில்லை. வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியோ, "அங்க உங்களுக்கு மேனேஜரே இல்லையேம்மா" என்று கையை விரித்தது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் ஆளில்லை.

சில வாரம் கழித்து ஜெயஸ்ரீயே கூப்பிட்டாள். முதல் மணியிலேயே ஈவ்லின் போனை எடுத்தாள்.

"எப்படி இருக்கே ஈவ்லின்? ஒரு சின்ன ஹெல்ப். ஆடிட் வருது, மூடின பேரையெல்லாம் டிலீட் பண்ணணும். எல்லாம் போயிடுச்சு, ஒண்ணு மட்டும் போகவே மாட்டேங்குது."

"யார் பேரு மேடம்?"

"உன்னோடதுதான்."

ஈவ்லினுக்குக் காரணம் தெரியும். ஒரு பெயரை நம்பி வேறு பதிவுகள் இருக்கிறவரை டேட்டாபேஸ் அந்தப் பெயரை அழிக்க விடாது. அந்தக் கம்பெனியில் பாதிக் கதவுகளுக்கு அனுமதி அவள் பெயரில்தான் பதிவாகியிருந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் இவளையும் பகைத்துக்கொண்டால் உள்ளே போக வேறு யாரைப் பிடிப்பது என்ற பயமும் வந்தது. அந்தப் பயத்தை நினைத்துத் தன் மேலேயே ஆத்திரப்பட்டாள்.

"என் பேர்ல இருக்கறதையெல்லாம் முதல்ல உங்க பேருக்கு மாத்திடுங்க மேடம். அப்புறம் டிலீட் பண்ணுங்க, போயிடும்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ஆங், போயிடுச்சு! தேங்க்ஸ் ஈவ்லின்" என்று ஜெயஸ்ரீ போனை வைத்தாள்.